வளைகுடாவில் உழைத்து ஊரில் வாடகை வீடு கட்டும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மக்களே,

நீங்கள் துபாயிலும் மஸ்கட்டிலும் மிச்சம் பிடித்து அனுப்பும் காசில் குமரி மாவட்டத்தில் களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. ரப்பர் விலையை நம்ப முடியாது, வாடகை என்றால் மாசம் பிறந்ததும் வந்துவிடும் என்கிறீர்கள். குவைத்திலிருந்த என் கணவரும் இதையேதான் சொன்னார். குழித்துறைப் பக்கம் நாங்கள் கட்டிய நாலு போர்ஷனைப் பதினாறு வருஷமாகப் பார்த்து வருகிறவள் நான். வாடகை வரும், பொய்யில்லை. ஆனால் அது முழுசும் உங்கள் காசு என்று எண்ணிக் கடன் தவணை போட்டுவிடாதீர்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தென்மேற்குப் பருவமழையான எடவப்பாதியும் பெய்யும், வடகிழக்குப் பருவமழையான துலாவருஷமும் பெய்யும் நாடு நம்முடையது. எங்கள் மேல் போர்ஷனில் ஒரு நர்ஸ் பிள்ளை கைக்குழந்தையோடு இருந்தாள். ஒரு ஆனி மாசம் அடுக்களை ஒழுகத் தொடங்கியது. நான் போய்ப் பார்த்தபோது, சொட்டு விழும் இடத்தில் ஒரு போணியை வைத்து, சத்தத்தில் குழந்தை முழித்துவிடுமென்று அதற்குள் துவர்த்துத் துண்டை மடித்துப் போட்டிருந்தாள். அதைப் பார்த்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை. கொத்தனார் பூச்சைக் கொத்தினார். உள்ளே கம்பி துருவேறிப் பருத்து, ஏடு ஏடாக உரிந்து வந்தது. மாடியில் தண்ணீர் இறங்கும் குழாய் வாயைப் பலா இலை அடைத்திருக்கிறது. மூன்று வருஷமாக மழைத்தண்ணீர் அங்கேயே தேங்கி ஊறியிருக்கிறது. நான் ஒருநாளும் ஏறிப் பார்க்கவில்லை. செலவு 68,000 ரூபாய். அந்தப் போர்ஷனின் வாடகை அப்போது மாசம் 5,500. ஒரு வருஷ வாடகை போனதுக்குமேல் கையிலிருந்தும் போட வேண்டி வந்தது.

அது என் கவனக்குறைவு. நம் கையில் இல்லாததும் வரும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லை; நாலு குடும்பத்துக்கும் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தேன், விழுந்த காம்பவுண்டுச் சுவரைத் திரும்பக் கட்டினேன். 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடின, களியக்காவிளையில் கேரள எல்லையை அடைத்தார்கள். பாறசாலைக்கு அப்பாலிருந்து வந்து தங்கிப் படித்த பிள்ளைகள் போனவர்கள் போனவர்கள்தான். இரண்டு போர்ஷன் ஏழு மாசம் பூட்டிக் கிடந்தது. ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி இடம் கொடுத்தது. வட்டி மட்டும் நிற்காமல் ஏறியது.

அதற்குப் பிறகு நான் வருஷத்துக்குப் பத்து மாச வாடகைதான் வரும் என்று வைத்தே கணக்குப் போடுகிறேன். வீட்டுக்கென்று தனி பாஸ்புக் உண்டு. வாடகை வந்ததும் ஐந்தில் ஒரு பங்கு அதற்குள் போய்விடும், கல்யாணம் காதுகுத்து என்று எது வந்தாலும் அதைத் தொடமாட்டேன். ஆறு மாசத் தவணையாவது அதில் சேராமல் அடுத்த மாடி எழுப்ப வேண்டாம் மக்களே.

சொத்து வரியும் கணக்கில் இருக்கட்டும். 2022 ஏப்ரலில் அரசு உயர்த்தியபோது, நம் பகுதியில் 600 சதுர அடிக்குள்ளான வீட்டுக்கு 25 சதவீதம் ஏறியது, 1,800-க்கு மேல் போனால் 100 சதவீதம். இன்ஷூரன்ஸ் எடுங்கள்; பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி புயல், வெள்ளம், தீ இவற்றுக்குக் கைகொடுக்கும். கவனிக்காமல் விட்ட ஒழுக்குக்குக் கொடுக்காது. வெளிநாட்டில் இருக்கும் உங்களுக்கு வாடகை தருகிறவர் 30 சதவீத வரியும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடித்துக் கட்ட வேண்டும் என்பது பலருக்கும் நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிகிறது. வருமானம் குறைவென்றால் குறைத்துப் பிடிக்க முன்கூட்டியே சான்று வாங்கலாம், ஆடிட்டரிடம் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம், மாச வாடகைக்குப் பதில் மொத்தமாக வாங்கி, காலி செய்யும்போது திருப்பிக் கொடுக்க வேண்டிய ஒத்திப் பணம்தான். மூன்று லட்சம், நாலு லட்சம் மொத்தமாகக் கையில் வரும்போது வீட்டுப் பூச்சு வேலைக்கே அதை இறக்கிவிடுகிறீர்கள். குடியிருப்பவர் திடீரென்று, சார் நாங்கள் மாறுகிறோம் என்றால் எங்கே போவீர்கள்? எங்கள் தெருவில் ஒரு பையன் போன மாசம் மனைவியின் வளையலை அடகு வைத்துத்தான் அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்தான். அவள் வெறுங்கையோடு குழாயடியில் நின்றதை நான் பார்த்தேன். ஒத்திக்கு விட்டே ஆக வேண்டுமென்றால் அந்தத் தொகையில் பாதியையாவது பிக்சட் டெபாசிட்டில் போட்டுவிட்டு மீதியைத் தொடுங்கள்.

இந்த லீவுக்கு வருகிறவர்கள் எடவப்பாதிக்கு முன்னால் ஒருமுறை உங்கள் மாடியில் ஏறிப் பாருங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், இலை கூட்டத் துறப்பை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

உங்கள் அத்தை வயசுக்காரி ஒருத்தி,
குழித்துறை