கார்ன்வாலிஸ் சிலைக்குக் கீழே இன்னும் நாலு வரி எழுதுங்கள்

இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கும், கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸின் பளிங்குச் சிலை பற்றித்தான் இந்த மடல். சிலையை எடுக்கச் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம். அது யார் காசு, ஏன் அந்தக் கல் என்பதைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அண்ணாந்து முகத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். விஷயமே பீடத்தில்தான் இருக்கிறது. திப்புவின் இரண்டு மகன்களைக் கார்ன்வாலிஸிடம் ஒப்படைக்கும் காட்சி அங்கே புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. கம்பெனியோடு நடந்த போரில் தோற்ற திப்பு, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாதி ராஜ்ஜியத்தையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் பிள்ளைகள் பிணை. மதராஸுக்குக் கொண்டுவரப்பட்ட அவர்கள் 1794-இல்தான் அப்பாவிடம் திரும்பினார்கள். ஒரு கடனுக்கு ஈடு வைத்ததைப் பளிங்கில் கருணைக் காட்சியாக்கி வைத்திருக்கிறார்கள்! (அமெரிக்க விடுதலைப் போரில், 1781-இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்றுச் சரணடைந்த அதே ஆள்தான் இவர். அதைச் செதுக்க யாரும் பணம் தரவில்லை.)

இதற்குப் பணம் போட்டவர்கள் மதராஸின் பெரிய மனிதர்களும் கம்பெனியின் சிவில், ராணுவ உத்தியோகஸ்தர்களும். லண்டனில் தாமஸ் பேங்க்ஸ் வடித்தார். கப்பலேறி வந்து 1800-இல் கோட்டையில் நின்றது. கருங்கல்லுக்கு இந்த ஊரில் என்ன பஞ்சம்? மதுரைப் புதுமண்டபத்தில் திருமலை நாயக்கரும் முன்னோர்களும் கருங்கல்லில்தானே கைகூப்பி நிற்கிறார்கள். ஆனால் வெள்ளைப் பளிங்கு ரோமாபுரிப் பிரபுக்களின் கல். அதில் நின்றால் வியாபாரக் கம்பெனியின் ஆளும் பேரரசின் ஆளாகத் தெரிவார். கல்லின் விலையோடு கப்பல் கூலியும் சேர்ந்ததால், இவ்வளவு செலவழிக்க எங்களால் முடியும் என்று ஊருக்குக் காட்டியதாகவும் ஆயிற்று.

சிற்பியின் பெயர் சரி, கூலிக்காரர்கள் எங்கே? அந்தக் காலத்து லண்டன் பட்டறைகளில் சிற்பி களிமண்ணில் மாதிரி செய்வார். அதைச் சுதையில் வார்த்து, அளவெடுத்துக் கல்லைக் குடைவது பெரும்பாலும் பட்டறை ஆட்களின் வேலை. பெயர் தெரியாவிட்டாலும் 'பட்டறைக் கல்தச்சர்கள்' என்று ஒரு சொல் போடலாமே.

உங்கள் பொறுப்பில் இல்லாத இன்னொரு சிலையும் இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. உயர் நீதிமன்றத்தில் நீதிபதி முத்துசாமி ஐயர் பளிங்கில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே நீதிபதியான முதல் இந்தியர். வறுமையில் படித்து மேலே வந்தவர். வெள்ளைக்காரச் சிற்பி, வெள்ளைக் கல், தலைப்பாகை. பாதத்தில் மட்டும் செருப்பில்லை. கம்பெனிப் பிரபுவுக்குக் கிடைத்த அதே கல், நூறு வருஷத்துக்குள் நம்மூர் ஆளுக்கும் கிடைத்தது என்றால் பதவியும் படிப்பும் கைமாறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். எல்லோருக்கும் அல்ல, வக்கீல் வீடுகள் வரைக்கும்தான்.

அதனால் பலகையில் பிணைத்தொகை, பணம் போட்டவர்கள், கல்தச்சர்கள் மூன்றும் வரட்டும். தமிழில் முதலில் எழுதுங்கள், எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். பீடத்தின் மேல் ஒரு விளக்கும் போட்டால் அந்தப் பையன்களின் முகம் சரியாகத் தெரியும்.

இப்படிக்கு,
அடிக்கடி வந்துபோகும் ஒரு சென்னைவாசி