டைப்-சி என்பது வேகத்தின் பெயர் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினிக்கு வெளியே இணைத்துப் பயன்படுத்தும் சேமிப்பகம் ஒன்றை வாங்க எண்ணும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, யூ.எஸ்.பி. இணைப்பு நல்லதா, தண்டர்போல்ட் என்னும் மற்றோர் இணைப்பு நல்லதா என்பதைத்தான். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: உள்ளே இருப்பது சுழலும் வன்தட்டா, சுழலும் பாகம் இன்றிச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யா? இதற்கு விடை தெரியாமல் இணைப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள், பயன்படாத வேகத்துக்குப் பணம் கொடுக்கிறார்கள் அல்லது கொடுத்த பணத்துக்கு உரிய வேகத்தைப் பெறாமல் போகிறார்கள் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கையடக்கமான 2.5 அங்குல வன்தட்டு நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 140 மெகாபைட் வரை படிக்கும்; மேசையில் வைக்கும் 3.5 அங்குல வன்தட்டு 250 மெகாபைட்டை ஒட்டி நின்றுவிடும். 2008-இல் வெளிவந்த யூ.எஸ்.பி. 3.0 நொடிக்கு 5 ஜிகாபிட் கடத்துகிறது. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட்; அனுப்பும் ஒவ்வொரு 10 பிட்டிலும் 8 மட்டுமே தரவு என்பதால் அது 500 மெகாபைட்டாகக் குறைந்து, நடைமுறையில் 400-க்குச் சற்று மேல் கிடைக்கிறது. சுழலும் தட்டுக்கு இதுவே தாராளம். அதைத் தண்டர்போல்ட்டில் பொருத்தினாலும் தட்டு வேகமாகச் சுழலப் போவதில்லை. சாட்டா என்னும் பழைய வகை எஸ்.எஸ்.டி. 550 மெகாபைட் வரை எட்டுவதால் அதற்கு 10 ஜிகாபிட் இணைப்பு பொருந்தும். அதைவிடப் பல மடங்கு வேகமான என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி.யை வைத்துக்கொண்டு பெரிய காணொளிகளை அதிலிருந்தே நேரடியாகத் தொகுப்பவர்களுக்குத்தான் 40 ஜிகாபிட் தரும் தண்டர்போல்ட்டோ யூ.எஸ்.பி. 4-ஓ உண்மையில் தேவைப்படுகிறது.

இவ்வளவு எளிதான கணக்கைக் குழப்பியவை பெயர்கள். 2008-இல் யூ.எஸ்.பி. 3.0 என்று அறிமுகமான அதே 5 ஜிகாபிட் இணைப்பு, 2013-இல் 3.1 ஜென் 1 ஆனது, 2017-இல் 3.2 ஜென் 1 ஆனது. பெட்டியின் மேல் 3.2 என்று கண்டதும் புதிய, விரைவான பொருள் என்று நம்பி வாங்குபவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யூ.எஸ்.பி. 3.2-இலேயே 20 ஜிகாபிட் தரும் ஜென் 2 பை 2 என்னும் வகைச் சேமிப்பகத்தை, அந்த வகையை ஏற்காத கணினியில் இணைத்தால், அக்கணினியில் 40 ஜிகாபிட் போர்ட்டே இருந்தாலும் வேகம் 10 ஜிகாபிட்டாக இறங்கிவிடக்கூடும். பெயர்களை விட்டுவிட்டு ஜிகாபிட் எண்ணை மட்டும் அச்சிடும் முறையை யூ.எஸ்.பி. அமைப்பு 2022-இல் அறிவித்தது வரவேற்கத்தக்கது. ஆனால் பழைய பெயர்கள் இன்னும் விளம்பரங்களை விட்டுப் போகவில்லை.

இணைப்பானின் வடிவமும் வேகத்தைச் சொல்வதில்லை. இன்றைய கைப்பேசிகளிலும் கணினிகளிலும் காணும் டைப்-சி என்னும் சிறிய நீள்வட்ட வாய் ஒன்றின் வழியே 480 மெகாபிட்டும் செல்லலாம், 40 ஜிகாபிட்டும் செல்லலாம். வேறுபாடு எண்பது மடங்குக்கும் மேல். நான் புதிதாக வாங்கிய எஸ்.எஸ்.டி.க்கு 400 ஜிகாபைட் கோப்புகளை மாற்றியபோது ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆனது. பொருளே பழுது என்று எண்ணித் திருப்பித் தரவும் முடிவு செய்துவிட்டேன். கைப்பேசிக்கு மின்னேற்றம் செய்யும் கேபிளை அதில் செருகியிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அத்தகைய கேபிள்கள் பலவற்றில், 480 மெகாபிட் மட்டுமே தரும் யூ.எஸ்.பி. 2.0-க்கு உரிய கம்பிகள் மட்டுமே இருக்கும். பெட்டியோடு வந்த கேபிளை மாற்றிப் பொருத்தியதும் அதே வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். யூ.எஸ்.பி. 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் தரும், 3.0 போர்ட் 900 தரும். சிறிய வன்தட்டு சுழலத் தொடங்கும்போது இது போதாமல், டக் டக் என்ற ஓசையுடன் நின்று நின்று இயங்குவதுண்டு. 3.5 அங்குல வன்தட்டுக்குப் பொதுவாகத் தனி அடாப்டர் தேவைப்படும்.

பழைய ஃபயர்வயர் இணைப்பு மட்டுமே உள்ள வன்தட்டுகளைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. நொடிக்கு 400 அல்லது 800 மெகாபிட் தந்த அந்த இணைப்பை ஒரு காலத்தில் காணொளிப் பணியில் இருந்தவர்கள் பெரிதும் நம்பினார்கள். இன்றைய கணினிகளில் அதற்கான வாயே கிடையாது. குடும்ப விழாக்களும் மறைந்தவர்களின் குரல்களும் பதிவான தட்டுகள் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் இருக்கக்கூடும். அவற்றைத் திறக்கக்கூடிய பழைய கணினி ஒன்று இன்னும் இயங்குகிறதென்றால், தள்ளிப்போடாமல் இப்போதே நகல் எடுத்துவிட வேண்டும்.

தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பகுதியில் இத்தகைய பொருள்களை அறிமுகம் செய்யும்போது, உள்ளே இருக்கும் சேமிப்பகத்தின் வகை, இணைப்பின் ஜிகாபிட் எண், உடன் வரும் கேபிள் அந்த வேகத்தைத் தாங்குமா என்ற விவரம் ஆகியவற்றைத் தவறாமல் குறிப்பிடுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்