நாலாவதாக வருகிறவனுக்கும் ஒரு ஜோடி ஷூ

அன்புடையீர், வணக்கம்.

கடலூரில் நம் பள்ளியின் கிராஸ் கண்ட்ரி ஓட்ட அணிக்காகப் பழைய மாணவர்களும் பெற்றோரும் சேர்ந்து நடத்தும் குழுவிலிருந்து எழுதுகிறோம். இந்த சீசனுக்குப் பணம் தேவைப்படுகிறது. எவ்வளவு, எதற்கு என்று சொல்வதற்கு முன்னால் போன சீசனில் நாங்கள் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறோம்.

கையிலிருந்த காசுக்கு இரண்டு ஜோடி ரன்னிங் ஷூதான் வாங்க முடிந்தது. எப்போதும் முன்னால் வருகிற இரண்டு பையன்களுக்குக் கொடுத்தோம். மற்றவர்கள் பள்ளிக்குப் போட்டுவரும் கேன்வாஸிலும் வெறுங்காலிலும் ஓடினார்கள். 100 மீட்டர் பந்தயம் என்றால் அது சரியான கணக்கு. கிராஸ் கண்ட்ரியில் அது செல்லாது.

இந்தப் பந்தயத்துக்கு ட்ராக் கிடையாது. புல், மண், மேடு, சேறு என்று கிடைத்த வழியில் கிலோமீட்டர் கணக்கில் ஓட வேண்டும். உலகப் போட்டியில் 20 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கு 8 கிலோமீட்டர், பெண்களுக்கு 6. அணிக்கான கணக்குதான் வேடிக்கை. ஓர் அணியில் முதலில் வரும் நாலு பேர் பிடித்த இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைவாக உள்ள அணிக்குக் கோப்பை. போன சீசன் போட்டியில் நம் பையன்கள் 2, 5, 9, 41 என்று வந்தார்கள், மொத்தம் 57. இன்னோர் அணி 11, 12, 14, 16, மொத்தம் 53. முதல் பத்து இடத்தில் ஒருவர்கூட இல்லாத அணி கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது.

41ஆவதாக வந்தவன் மெதுவாக ஓடுகிறவன் இல்லை. பாதி வழியில் இடதுகால் கேன்வாஸின் அடிப்பாகம் பிளந்து தொங்கிவிட்டது. ஓரமாக உட்கார்ந்து, லேஸை உருவி, ஷூவைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி ஓடினான். வந்து சேர்ந்தபோது கட்டைவிரல் நகம் பாதி பெயர்ந்திருந்தது. "நான் உக்காராம இருந்திருந்தா ஜெயிச்சிருப்போமா சார்?" என்று கேட்டான். 36ஆவதாக வந்திருந்தால்கூடப் போதும், ஜெயித்திருப்போம். அதை அவனிடம் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

இந்த வருஷம் 8 பையன்கள், 6 பெண்கள், ஆக 14 பேர். விடிகாலை 5 மணிக்குப் பயிற்சி. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் அலை நனைத்த மணலில் வெறுங்காலோடு ஓடலாம், ஒன்றும் ஆகாது. வாரம் இரண்டு நாள் கேப்பர் மலை ஏறுகிறார்கள். அங்கே அது நடக்காது. செம்மண்ணில் சரளைக்கல், முந்திரித் தோப்போரம் சருகுக்கு அடியில் முள்ளோ கண்ணாடித் துண்டோ. 7 மணிக்கு மேல் யாரையும் ஓடவிடுவதில்லை. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கொளுத்தும் வெயிலில் கிராஸ் கண்ட்ரி வைத்தார்கள். ஓடத் தொடங்கிய 38 பேரில் 15 பேர்தான் முடித்தார்கள், அதோடு ஒலிம்பிக்கிலிருந்தே இந்தப் பந்தயத்தை எடுத்துவிட்டார்கள். பாரிஸுக்கே அப்படியென்றால் நம் ஊர் கத்திரி வெயிலைச் சொல்ல வேண்டுமா? அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் மழை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலும் டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை வெள்ளமும் வந்தபோது ஓட்டத்தைப் பற்றி யார் நினைத்தோம்!

சரி, கணக்கு. ஷூ ஒரு ஜோடி 1,800 ரூபாய் வீதம் 25,200. நாலு போட்டிகளுக்கு வேன் வாடகை 24,000. ஆளுக்கு தினம் இரண்டு முட்டை, 100 நாளைக்கு 19,600. முதலுதவிப் பெட்டி, பனியன், சில்லறைச் செலவு 6,200. மொத்தம் 75,000. முட்டை எதற்கு என்று குழுவிலேயே ஒருவர் கேட்டார். வெறும் வயிற்றோடு மலையேறிவிட்டு அப்படியே வகுப்பில் போய் உட்காரும் பிள்ளைகள் இவர்கள். அந்தச் செலவைக் குறைக்க முடியாது.

இதுவரை 21,500 ரூபாய் சேர்ந்திருக்கிறது. முதுநகரில் மீன் விற்கும் ஓர் அம்மா, தன் பிள்ளை இந்த அணியில் இல்லாதபோதும், 200 ரூபாயை ஈரக்கையோடு எடுத்துக் கொடுத்தார். இன்னும் வேண்டியது 53,500.

புதுக்கோட்டை மாவட்டத்து லட்சுமணன் 2017இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். நம் பிள்ளைகளும் அப்படி வருவார்கள் என்று ஆசை காட்டிப் பணம் கேட்க மாட்டோம். 14 பேரும் ஒரே மாதிரி ஷூ போட்டுக்கொண்டு கோட்டில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

பணத்தைக் குழுவின் வங்கிக் கணக்கில் போடலாம். மூன்று பேர் கையெழுத்து இல்லாமல் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. நேரில் கொடுப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை கடற்கரையில் பயிற்சி நடக்கும் இடத்துக்கு வரலாம், அங்கேயே ரசீது போட்டுத் தருவோம். வருமான வரிச் சலுகைக்கான பதிவு எங்களிடம் இல்லை, அதை முன்பே சொல்லிவிடுகிறோம். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் பழைய மாணவர்கள் ஊரில் உள்ள உறவினர் வழியாகக் கொடுத்தால் எங்களுக்கு வசதி. செலவுக் கணக்கு மாதாமாதம் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

பழைய ஷூக்களைத் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். அடுத்தவர் கால் பழக்கிய ஷூவில் கொப்புளம்தான் மிஞ்சும். 14 பேரின் கால் அளவும் எடுத்தாயிற்று. முதலில் எடுத்தது அந்த 41ஆம் இடத்துக்காரனுடையது. எட்டாம் நம்பர்.

இப்படிக்கு,
ஓட்டக் குழுவினர்,
கடலூர்.