ஒக்டோபஸ் அரக்கன் அல்ல

ஆசிரியர் அவர்கட்கு,

சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில், ஒக்டோபஸ் ஆட்களைச் சுற்றிப் பிடித்துக் கடலுக்குள் இழுத்துக் கொன்றுவிடும் என்று அச்சிட்டிருந்தீர்கள். கூட இருந்த படமோ கணவாய். அதற்கு எட்டுக் கைகளும் நீண்ட கைகள் இரண்டுமாகப் பத்து. ஒக்டோபஸுக்கு எட்டுத்தான். எண்ணிப் பார்க்கிற பிள்ளை எதை நம்பும்?

பொந்துக்குள் ஒளிந்து, நண்டும் சிப்பியும் தின்று வாழும் பிராணி ஒக்டோபஸ். ஆபத்து வந்தால் நிறம் மாறும், மை கக்கும், ஓடிவிடும். நஞ்சை மறைக்கச் சொல்லவில்லை. நீல வளைய ஒக்டோபஸ் கடித்தால் உயிரே போகலாம். ஆகவே உயிருள்ளதைக் கையில் எடுக்காதே என்று எழுதுங்கள்.

முன்பள்ளியில் வருடக்கணக்காக இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். சந்தையில் வெட்டாத கணவாய் ஒன்று வாங்குங்கள். கைகளின் நடுவே கிளிமூக்குப் போன்ற அலகையும், முதுகுக்குள் இருக்கும் வெள்ளை ஓட்டினையும் காட்டுங்கள். ஒக்டோபஸுக்கும் அந்த அலகு உண்டு, இந்த ஓடு இல்லை. அதனால்தான் சிறு துளையிலும் நுழைகிறது. மெல்லிய துணியின் நடுவில் கண்ணாடிப் போளை ஒன்றை இறுகக் கட்டி, அட்டையில் இரண்டரை சென்ரிமீற்றர் துளை வழியே இழுத்தால் வந்துவிடும். ஒரு சென்ரிமீற்றர் துளையில் துணி போகும், போளை மாட்டிக்கொள்ளும். அந்தப் போளைதான் அலகு. முடிச்சு தளர்ந்தால் போளை வாய்க்குள் போய்விடும், கவனம். பலூன் வேண்டவே வேண்டாம். வெடித்த துண்டு தொண்டையை அடைக்கும்.

ஒக்டோபஸின் கைகளில் உள்ள உறிஞ்சிகளை விளக்கக் குளியலறை ரப்பர் கொளுக்கி போதும். ஈரமான வழுவழுப்பான டைலில் பிடிக்கும். சொரசொரப்பான சீமெந்துச் சுவரில் விளிம்பால் காற்றுப் புகுந்து கழன்றுவிடும்.

ஒக்டோபஸுக்கு இதயம் மூன்று. இரண்டு செவுள்களுக்கும் ஒன்று உடலுக்கும் இரத்தம் அனுப்பும். நீந்தும்போது உடலுக்கான இதயம் நின்றுவிடுவதால் சீக்கிரம் களைத்துப்போகும். தவழ்வதே அதற்குச் சுகம். தாய் உண்ணாமல் முட்டைகளைக் காத்து, குஞ்சு பொரிக்கும் காலத்தில் இறந்துவிடும். மெதுவாகச் சொன்னால் ஐந்து வயதில் இது விளங்கும். அரக்கன் கதையோ இரவில் அழவைக்கும்.

திமிங்கிலத்தை மீன் என்றும், வௌவாலைப் பறவை என்றும் இதே பக்கத்தில்தான் எழுதினீர்கள். இரண்டுக்கும் திருத்தம் அனுப்பினேன். ஒன்றும் வெளிவரவில்லை. பெரியவர்களின் பக்கத்தில் ஒரு பெயர் பிழைத்தால் மறுநாளே வருத்தம் தெரிவிக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு அந்த மரியாதை கிடையாதா?

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தமும், எட்டுக் கைகளும் தெரியும் ஒக்டோபஸ் படமும் போடுங்கள்.

முன்பள்ளி ஆசிரியை,
கொழும்பு 06