புகைக்கூடு எரிந்த கதை

மச்சான்,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் இரண்டு மாதம் இழுத்துவிட்டேன், கோபிக்காதே. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். போன மாதம் எங்கள் வீட்டுப் புகைக்கூடு பற்றி எரிந்தது. வீடு எரியவில்லை, எல்லோரும் சுகம், அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

வரவேற்பறையில் நிற்கிற இரும்பு அடுப்பைப் படத்தில் பார்த்து "இதில என்ன சமைக்கிறாய்" என்று கேட்டாயே, அதுதான் ஆள். சமைக்க இல்லை, வீட்டைச் சூடாக்க. முன்பு நத்தாருக்கு மட்டும்தான் மூட்டுவோம். 2021 கடைசியில் தெற்கு நோர்வேயில் கரண்ட் விலை ஏறின ஏற்றத்தில் நானும் விறகு வாங்கி அடுக்கத் தொடங்கினேன், எல்லாம் பேர்ச் மரம், 40 லீற்றர் சாக்கு, 60 லீற்றர் சாக்கு என்று விறகைக்கூட லீற்றரில் விற்கிற நாடு இது.

வினை என் கைப்பழக்கத்தில் இருந்தது. நீயும் நானும் 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் யுத்தத்தால் கரண்ட் இல்லாமல், பொருளாதாரத் தடைக்குள், ஜாம் போத்தலில் பஞ்சைப் போட்டு அது நனைகிற அளவு மண்ணெண்ணெய் விட்டுப் படித்தவர்கள், எரிகிற எதைக் கண்டாலும் குறைத்து வைக்கத்தான் கை போகும். படுக்கப் போகும்போது அடுப்பு நிறைய விறகை அடைத்து, காற்றுத் துவாரத்தை அநேகமாக மூடிவிட்டுப் போவேன். விடிய வந்து பார்த்தால் உள்ளே தணல் இருக்கும். எனக்கு அப்படி ஒரு பெருமை!

காற்றுப் போதாத விறகு எரிவதில்லை மச்சான், புகைகிறது. அந்தப் புகைக்குள் எரியாத தாரும் நீராவியும் இருக்கின்றன, வெளியே மைனஸ் 15 குளிரில் நிற்கிற புகைக்கூட்டில் அது ஏறும்போது சூடு 120 பாகைக்குக் கீழே இறங்கினால் சுவரில் ஒட்டிவிடும். முதலில் தூள் மாதிரி, பிறகு பிசின் மாதிரி, அதன்மேல் மறுபடி சூடு பட்டுப் பட்டுக் கண்ணாடி போல இறுகின கறுப்புப் பூச்சு. கிரியோசோட் என்கிறார்கள். பிரஷ்ஷால் தேய்த்தால் அது வராது. போதாததற்கு, மலிவாக ஒருவரிடம் வாங்கின விறகு நுனியில் நுரை தள்ளிச் சீறிக்கொண்டுதான் எரிந்தது. ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமாம், பிறகு ஒன்றைப் பிளந்து மீற்றரைக் குத்திப் பார்த்தேன், 28. அடுப்புக் கண்ணாடியும் கிழமைக்குக் கிழமை கறுத்தது. நனைத்த பேப்பரில் சாம்பலைத் தொட்டுத் துடைத்தேனே தவிர, மேலே என்ன படிகிறது என்று ஒருக்காலும் யோசிக்கவில்லை.

அன்று பின்னேரம் வெறும் அட்டைப்பெட்டிகளைக் கிழித்து உள்ளே போட்டேன். சுவாலை நேரே மேலே போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் சுவருக்குள் ஒரு இரைச்சல், தாழப் பறக்கிற விமானம் போல. எங்கள் காலத்து ஆட்களுக்கு அந்தச் சத்தம் என்ன செய்யும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியே ஓடிப் பார்த்தால் பனி மூடின கூரைக்கு மேலே பொறி பறக்கிறது. மனைவி வாளித் தண்ணீரோடு அடுப்பை நோக்கி வர, நல்லவேளை தடுத்துவிட்டேன். அந்தச் சூட்டில் தண்ணீர் ஆவியாகி ஆயிரத்து எழுநூறு மடங்கு விரியும், புகைக்கூடே பிளந்துவிடும். காற்றுத் துவாரத்தை மூடிவிட்டுத் தீயணைப்புக்காரருக்கு, 110க்கு அடித்தேன். இத்தனை வருஷத்தில் அதை மூடினது சரியாகிப் போன ஒரே நாள் அதுதான்.

அடுத்த நாள் புகைக்கூடு கூட்டுகிற ஆள் வந்தார். நோர்வே மொழியில் அவருக்கு "ஃபையர்" என்று பெயர், நெருப்பு இல்லை, கூட்டுகிறவர் என்று அர்த்தம். அடியில் இருக்கிற சின்னக் கதவைத் திறந்து, தேன்கூடு போல ஊதிப்போன கரிக்கட்டிகளை என் கையில் வைத்தார், பாரமே இல்லை. விறகைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு, மேலே இருந்து மூட்டு, காற்றைத் தாராளமாக விடு, வெளியே நின்று பார்த்தால் புகை கண்ணில் படவே கூடாது என்றார். அப்படியானால் விறகு கெதியில் முடிந்துவிடுமே என்று கேட்டேன். என் கையிலிருந்த கரிக்கட்டியைக் காட்டி, இதுவும் நீ காசு கொடுத்து வாங்கின விறகுதானே என்றார் மனிதர்.

உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று கமரா விட்டுப் பார்க்கும் வரைக்கும் அடுப்பு மூட்டக் கூடாது. இரண்டு சுவெற்றரோடு இருந்துதான் இதை எழுதுகிறேன். நீங்கள் காஸுக்கு மாறியும் அம்மா பின் குசினியில் ஊமலும் பொச்சுமட்டையும் போட்டு எரிக்கிறா என்று எழுதியிருந்தாயே, அந்தப் புகைக்கூட்டுக்குள் கடைசியாக எப்போது எட்டிப் பார்த்தாய்? ஒருக்கால் ரோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுது.

உன் பழைய வாங்குத் தோழன்