கனடாவின் கல்கரியிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கு நீங்கள், அம்மா, தங்கச்சி எல்லோரும் நலமா? போன வாரம் போனில், "அங்கே மீன்பாடு எப்படிப்பா?" என்று கேட்டீர்கள். ஒரு வார்த்தையில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் போனால் ராக்கி மலைக்குள் பான்ஃப் தேசியப் பூங்கா. 1885-லேயே ஒதுக்கிய இடம். அனுமதிச் சீட்டு வாங்கினால் ஏரியில் தூண்டில் போடலாம். நான் குடியிருக்கும் வீட்டுக்காரர் கூட்டிப்போனார், 75 வயதுக்காரர். கிளம்பும்போது, ஊரிலிருந்து வரும் அன்று உங்கள் பழைய வலையில் அறுத்துக் கொடுத்தீர்களே, அந்த ஈயக்குண்டுகளைப் பைக்குள் போட்டேன். அவர் எடுத்து வெளியே வைத்துவிட்டார். 50 கிராமுக்குக் குறைந்த ஈயத்துக்கு அங்கே 1997-லிருந்து தடை. லூன் என்று ஒரு முக்குளிக்கும் பறவை, கூழாங்கல்லோடு அதையும் விழுங்கிச் செத்துப்போகிறது. புழு, மீன்துண்டு இரையும் கூடாது.

அவர் சின்னப் பையனாக இருந்தபோது இப்படி இல்லையாம். எவ்வளவு பிடித்தாலும் வீட்டுக்குத்தான். புல் டிரவுட் என்ற மீன் மற்ற மீனைத் தின்கிறது என்று கரையில் தூக்கி எறிவார்களாம். இன்று அது தூண்டிலில் பட்டால் தண்ணீரை விட்டு எடுக்காமலே கழற்றிவிட வேண்டும்.

இதைவிட என்னை உலுக்கியது வேறு. அருவிகள் மறித்ததால் முன்பு மலை மேலே பல ஏரிகளில் மீனே கிடையாது. வருகிறவர்கள் பிடிக்கட்டும் என்று அரசே குஞ்சு கொண்டுவந்து விட்டிருக்கிறது. அதில் புரூக் டிரவுட் என்பது இந்தக் கண்டத்தின் கிழக்குப் பக்கத்து மீன். அது பெருகி, தாடைக்கடியில் சிவப்புக் கீறல் உள்ள கட்த்ரோட் என்ற இந்த மண்ணின் மீனை நெருக்கிவிட்டது. 1988-ல் குஞ்சு விடுவதை நிறுத்தினார்கள். ஆனால் விட்டது விட்டதுதானே அப்பா. லேக் லூயிஸ் பக்கம் ஹிடன் லேக் என்று சின்ன ஏரி. அங்கே பூங்கா ஆட்களே செவுள்வலை போட்டு அரித்தார்கள். தீரவில்லை. கடைசியில் செடிவேரிலிருந்து எடுக்கும் மருந்தை ஊற்றி மிச்ச மீனையும் கொன்றுவிட்டு, கட்த்ரோட்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நல்லது செய்வதாக நினைத்து விட்ட மீனை எடுக்க இத்தனை வருடப் பாடு.

அதைக் கேட்கும்போது எனக்கு நம் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுதான் நினைவுக்கு வந்தது. அந்த வெளிநாட்டுக் கடற்பாசியை வளர்த்தால் நாலு காசு கிடைக்கும் என்றுதானே நம் பெண்களும் இறங்கினார்கள்? அதில் யார் மேலும் குற்றம் இல்லை. வளர்ப்பிலிருந்து தப்பியது பவளப்பாறையில் ஏறி மூடிக்கொண்டது. வனத்துறை ஆட்கள் கையாலேயே பிடுங்கினார்கள். ஏரியை வலை போட்டு அரிக்கலாம், மருந்தும் ஊற்றலாம். மன்னார் வளைகுடாவில் மருந்து ஊற்ற முடியுமா? தளிர் வந்ததும் பிடுங்குவதுதான் ஒரே வழி என்று நினைக்கிறேன்.

அம்மா விரலில் துணி சுற்றிக்கொண்டு பாசி எடுக்கப் போகும்போது, பாறை மேல் அது இன்னும் படர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த போனில் அதை முதலில் கேட்பேன்.

ஈயக்குண்டுகள் என் மேசை மேலேயே இருக்கின்றன.

உங்கள் மகன்