நீ எப்போது சவர்டோ ஆவாய்?

அன்புள்ள முத்து,

கனடாவின் வடகோடி வைட்ஹார்ஸிலிருந்து நீ எழுதியது கிடைத்தது. மீசையில் பனி கட்டிய உன் படத்தைப் பார்த்து வீட்டில் ஒரே சிரிப்பு. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகிவிட்டது. இப்போது என் நரைமுடி ஒவ்வொன்றும் அவர் கண்ணுக்குத் தப்புவதில்லை.

வேலையிடத்துப் பெரியவர் உன்னைச் 'சீச்சாக்கோ' என்கிறார், "நீ சவர்டோ ஆக இன்னும் நாளாகும்" என்கிறார், திட்டுகிறாரா என்று கேட்டிருந்தாய். திட்டெல்லாம் இல்லைடா. சீச்சாக்கோ என்றால் புதிதாக வந்தவன். அந்தப் பக்கத்துப் பழைய வியாபாரப் பேச்சான சினூக் ஜார்கன் கொடுத்த சொல். சவர்டோ, நீ கடையில் வாங்கும் அதே புளித்தமாவு ரொட்டிதான். ஆனால் அங்கே அது ஆளுக்கும் பெயர்.

1896 ஆகஸ்டில் உங்கள் யூக்கானில், க்ளாண்டைக் ஆற்றுப் பக்கத்து ஓடையில் தங்கம் கிடைத்தது. மறு வருஷம் அந்தத் தங்கம் கப்பலில் சியாட்டில் வந்து இறங்கியதும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கிளம்பிவிட்டார்கள். ஒரு வருஷச் சாப்பாடு கையில் இல்லாதவனைக் கனடா போலீஸ் எல்லையிலேயே திருப்பி அனுப்பியது. அந்தச் சாப்பாட்டு மூட்டையில் மாவுதான் அதிகம். ஈஸ்டுக்கு அந்தக் காட்டில் எங்கே போவது? ஏற்கெனவே அங்கே குளிர்காலம் கழித்த பழைய ஆட்கள், உறைமோர் எடுத்து வைப்பதுபோல, புளித்த மாவில் கொஞ்சம் மிச்சம் வைத்து அடுத்த மாவில் கலந்தார்கள். ராத்திரி அது உறைந்துபோகாமல் இருக்க உடம்போடு அணைத்துக்கொண்டு படுப்பார்களாம். அந்த மாவின் பெயரே ஆளுக்கும் ஒட்டிக்கொண்டது. யூக்கான் ஆறு உறைவதையும், பிறகு அந்தப் பனி உடைந்து ஓடுவதையும் இருந்து பார்த்தவன்தான் சவர்டோ என்பது வழக்கு.

அவர்களில் நாலு பேர் செய்ததைக் கேள். அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ் என்ற ஊரின் சாராயக்கடைப் பேச்சில் கிளம்பிய வீம்பு. மலையேறிப் பழக்கமில்லாத சுரங்கக்காரர்கள், வட அமெரிக்காவிலேயே உயரமான மலையான டெனாலியில் ஏறப் போனார்கள். 1910 ஏப்ரல் 3 அன்று பில்லி டெய்லரும் பீட் ஆண்டர்சனும் வட சிகரத்தைத் தொட்டார்கள். கையில் டோனட், சுடச்சுடக் கோகோ, கூடவே 14 அடி ஸ்ப்ரூஸ் மரக்கம்பம்! கொடி கட்டினால் ஃபேர்பேங்க்ஸிலிருந்து தெரியும் என்று நினைப்பு. தெரியவில்லை. போதாக்குறைக்கு, சிகரத்துக்கே போகாத தலைவர் டாம் லாய்ட் ஊருக்குத் திரும்பி, எல்லோரும் இரண்டு சிகரத்திலும் ஏறினோம் என்று அளந்துவிட, உண்மையாக ஏறியவர்களையும் யாரும் நம்பவில்லை. 1913-இல் தென் சிகரம் ஏறப் போன குழு தொலைநோக்கியில் அந்தக் கம்பத்தைப் பார்த்த பிறகுதான் ஊர் வாயடைத்தது. தென் சிகரம்தான் உயரம் என்பதால் முதல் ஏற்றம் என்ற பெயர் அந்தக் குழுவுக்கே போனது. என்னைக் கேட்டால், டோனட்டோடு போனவர்கள் பக்கம்தான் நான்.

மே மாதம் ஊருக்கு வருவதாகச் சொன்னாயே, டிக்கெட்டை அவசரப்பட்டுப் போடாதே. யூக்கான் ஆற்றங்கரை ஊரான டாசன் பக்கம் ஆற்றுப்பனி உடைய மே ஆகிவிடுவதும் உண்டு. அதைப் பார்த்துவிட்டே கிளம்பு. ஊறுகாய் அம்மா போட்டு வைத்திருப்பார்.

அன்புடன்,
சேகர்